தாடி விட்ட வழி

மழை ஓய்ந்ததும் தண்டபாணி பீரோவை நகர்த்திப் பார்த்தார். பின்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. மலைக்குப் போக மாலை போட்டிருந்த அவருக்கு அப்போது இருபத்தைந்து நாள் தாடி. மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சாமி, கொஞ்சம் வழி விடுங்க. கன்னத்துல ஒட்டி உட்கார்ந்தாத்தான் நான் காத்தை வடிகட்ட முடியும்" என்றது மாஸ்க்.

தாடிக்குச் சுருக்கென்றது. தெருவே கும்பிடுகிற தாடி அது. "மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் நான் யாருக்கும் வழி விடுறதா இல்லை. வேணும்னா என் மேலேயே உட்காரு."

மாஸ்க் உட்கார்ந்தது. ஓரமெல்லாம் இடுக்கு விழுந்தது.

சுவரைத் தேய்த்ததும் பூஞ்சைத் தூள் கிளம்பியது. மாஸ்க்கில் முட்டிப் பார்த்து நுழைய முடியாமல், ஓரத்துக்கு வந்து பவ்யமாகக் குனிந்தது.

"சாமி சரணம். உங்களைத் தரிசிக்கத்தான் வந்தோம். கொஞ்சம் வழி விடுவீங்களா?"

தாடி குளிர்ந்துபோனது. "அதுக்கென்ன, தாராளமா வாங்க."

சற்று நேரத்தில் தண்டபாணி இருமத் தொடங்கினார். அவர் மனைவி அமுதவல்லி பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு அவரை வாசலுக்கு அனுப்பினார். புது மாஸ்க்கைப் பிரித்துத் தான் மாட்டிக்கொண்டு, மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று ஊதிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வாசலில் இருமலோடு குலுங்கிக்கொண்டிருந்த தாடிக்கு உள்ளே நடந்த பேச்சு கேட்டது.

"இங்கே சாமி யாரும் இல்லீங்களா?" என்று விசாரித்தது பூஞ்சைத் தூள்.

"சாமி வெளியில இருக்காரு" என்றது புது மாஸ்க். "உங்க ஆளுங்களோடதான்."