பெரியதாக ஒன்று

"பழசைக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டு, பெருசா ஒண்ணு மாட்டு பாய்! ரொம்ப வீக்கா கீதுன்னு இன்ஸ்பெக்டரு வண்டியத் திருப்பி அனுப்பிட்டாரு."

திங்கட்கிழமை காலை, முடிச்சூர் சாலையிலிருந்த மைதீன் பிச்சையின் பட்டறை வாசலில் தம் பழைய பிக்கப் வேனை நிறுத்தி, இறங்கும்போதே இப்படிச் சொன்னார் ஜெயவேலு. அவருடைய மனைவி துணிப்பைகளோடு பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தாள்.

மைதீன் பிச்சையின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! ஒரு வருஷமா நான் சொல்லி ஏறல. அதிகாரி சொன்னாத்தான் உனக்கு மண்டையில ஏறுது."

"நீ எப்ப பாய் சொன்ன?"

"நான் சொல்றத நீ என்னைக்குக் காதுல வாங்குன?"

"அத்த வுடு. ரோட்டுல ஒருத்தன் மதிக்க மாட்டேன்றான். தண்ணி லாரிக்குப் பின்னால மாட்டிக்கினா, காட்டாங்குளத்தூர் வரைக்கும் அவன் பின்னாலயே போவ வேண்டிதா கீது."

"சின்னதை வச்சுக்கிட்டு லாரிக்காரனோட மல்லுக்கு நின்னா எப்படி? லாரியில இருந்து கழட்டுனது ஒண்ணு நம்மகிட்டயே கிடக்கு. அதை மாட்டிடவா?"

"லாரிதா? ஜோரு! அதையே மாட்டு."

"செலவு கொஞ்சம் கூட ஆகும்ப்பா."

"இதுல இன்னா பெருசா ஆயிடப் போவுது? நல்லதாப் போடு, பாத்துக்கலாம்."

வண்டிக்கு மசகெண்ணெய் மாற்றுவதற்கே மூன்று நாள் பேரம் பேசும் மனிதர் இவர். மைதீன் பிச்சை வியப்பை மறைத்துக்கொண்டார். "நாலு நாள் வேலை இருக்கு."

"இதுக்கா நாலு நாளு? சரி, ஆரணில மச்சினி கல்யாணம். நான் வர்றதுக்கே வெள்ளிக்கிழமை ஆவும். காலையில ரெடியா வெச்சிரு. பத்து மணிக்கு மறுபடி இன்ஸ்பெக்‌ஷன். இந்தத் தபா எஃப்.சி. கெடைக்கலைன்னா என் பொழப்பே போச்சு பாய்!"

அவர் மிகைப்படுத்திப் பேசவில்லை. காட்டாங்குளத்தூரில் ஒரு மாணவர் விடுதிக்குக் காய்கறி ஏற்றிச் செல்வதே அவருடைய பிழைப்பு. வண்டியின் தகுதிச் சான்று காலாவதியாகிவிட்டதால், இரு வாரங்களாக வாடகை வண்டியில் சரக்கு போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சான்றோடு சொந்த வண்டி வராவிட்டால் வேறோர் ஆளை அமர்த்திக்கொள்வதாக விடுதிக் காப்பாளர் உறுதியாகக் கூறிவிட்டார்.

பேருந்தின் சத்தம் கேட்டதும் ஜெயவேலு ஓடினார்.

மைதீன் பிச்சை பட்டறையின் மூலைக்குச் சென்று தார்ப்பாயை விலக்கினார். உடைப்புக்குப் போன லாரி ஒன்றிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின் அங்கே ஈராண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பொருத்திக் காட்ட ஒரு வண்டி அகப்படாதா என்று அவர் ஏங்காத நாளில்லை.

வெல்டர் சவுரிமுத்து எஞ்சினையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணா, இது யானை. அது ஆட்டுக்குட்டி. சேசிஸ் தாங்குமா?"

"ரெண்டு பட்டை கூட வச்சு வெல்டு அடி, தாங்கும்."

"எஞ்சின் நம்பர் மாறிடுமே? ஆர்.சி. புக்குல ஏத்தாமக் கொண்டு போனா இன்ஸ்பெக்டரு சும்மா வுடுவாரா?"

"மாத்தச் சொன்னதே அவருதானடா! அவரே எழுதிக்குவாரு."

இந்தத் தருக்கத்தைக் கேட்டுச் சவுரிமுத்து வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். நான்கு நாள்கள் பொறி பறந்தது. பழைய எஞ்சின் இறங்கியது. புதிய தாங்கிகள் ஒட்டப்பட்டன. ரேடியேட்டர் ஒரு சாண் முன்னே தள்ளப்பட்டது. இறுதியில் பானெட் மூட மறுத்தது. மூட மறுத்த இடத்தில் ஒரு சன்னல் வெட்டப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, கல்யாண வீட்டுச் சந்தனம் நெற்றியில் காயாமல் வந்து நின்றார் ஜெயவேலு. பானெட்டைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்த இரும்பைக் கண்டு அவர் வாயைத் திறப்பதற்குள், மைதீன் பிச்சை ஏறி அமர்ந்து சாவியைத் திருகிவிட்டார்.

பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது. எதிர்க் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஜெயவேலு இரு கைகளையும் ஆட்டி என்னவோ கத்தினார். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"பாத்தியா சவுரி, மனுசன் சந்தோசத்துல ஆடுறான்!" என்று சொல்லிக்கொண்டே எஞ்சினை நிறுத்தினார் மைதீன் பிச்சை.

"எங்க பாய் என் எஞ்சினு?"

"பழசைத் தூக்கிப் போடச் சொன்னீங்களேண்ணா," என்றான் சவுரிமுத்து. "நேத்தே பழைய இரும்புக்கு எடைக்குப் போயிடுச்சு."

ஜெயவேலு அருகிலிருந்த டயரின்மீது பொத்தென்று அமர்ந்தார். "புக்குல ஒரு எஞ்சின், வண்டியில ஒரு எஞ்சின்... பத்து மணிக்கு அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"என்னப்பா இது அநியாயம்? ரொம்ப வீக்கு, மாத்திட்டு வான்னு அவரே சொன்னதா நீதானே சொன்ன?"

ஜெயவேலு எழுந்தார். வேனின் கதவைத் திறந்து, உள்ளே கையை நீட்டி, ஸ்டியரிங்கின் நடுவே ஓங்கி அழுத்தினார். வண்டி கோழிக்குஞ்சைப் போல "கீச்" என்றது.

திங்கட்கிழமை அவர் சொல்லாமல் விழுங்கிய செயப்படுபொருள் அப்போதுதான் வெளியே வந்தது: "ஹாரன் பாய்... ஹாரன்!"