பேசி வைத்த சண்டை

பந்து அவள் கையில் இருந்தது.

பந்து யாரிடம் இருக்கிறதோ அவர் பேசலாம். மற்றவர் குறுக்கே வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டு, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தம்பதிகளுக்கான ஆலோசகரின் அறையில் இதுதான் சட்டம். வந்த புதிதில் அந்த ரப்பர் பந்தை அவள் எதிராளியின் மண்டையைப் பார்த்து எறியாமல் இருந்ததே பெரிய விஷயம்.

எதிராளி என்றால் லிஃப்ட்காரர். லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அவர் லிஃப்ட்காரர்தான். முழங்கால் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

இன்றைக்கு ஒழுங்காகச் சண்டை போட்டாக வேண்டும்.

போன வாரமே ஆலோசகர் ஜாடையாகச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் நன்றாகத் தேறிவிட்டீர்கள், இனிமேல் வரத் தேவை இருக்காது என்று. வாரத்தில் இந்த ஒரு மணி நேரம் அவளுக்கு வேண்டும். அது போய்விட்டால் அந்த வாரத்தை எப்படித் தள்ளுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கு எப்படியோ, அதுவும் தெரியவில்லை. அவர் வாயிலிருந்து அப்படி எதையும் பிடுங்க முடியாது.

எந்தச் சண்டையைப் போடுவது என்று நேற்று மத்தியானம் போனில் பேசி முடிவு செய்தார்கள். குடைச் சண்டை போட்டாகிவிட்டது. மகளுக்குப் பெயர் வைத்த சண்டையும் போட்டாகிவிட்டது. மகளுக்கே இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட்காரர் எடுத்துக் கொடுத்தார்: சினிமாச் சண்டை.

கல்யாணமான முதல் வருஷம். இரண்டு டிக்கெட்டை வைத்துக்கொண்டு தியேட்டர் வாசலில் அவள் நிற்கிறாள். யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று ஓடிய மனிதர், போனவர் போனவர்தான். அவள் தனியாகவே உள்ளே போய்ப் படம் பார்த்தாள். படம் விட்டு வெளியே வந்தால், கையெல்லாம் கிரீஸோடு நிற்கிறார். வழியெல்லாம் கதையைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினார். சொன்னாள். கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொன்னாள். ஆத்திரத்தில் முடிவை மட்டும் மாற்றி, கதாநாயகன் செத்துப்போகிறான் என்று சொல்லிவிட்டாள்.

பாவம், மனிதர் வருஷக்கணக்கில் அந்தச் சாவுக்கு வருத்தப்பட்டார். வேலையிடத்தில் ஒருநாள் அந்த முடிவைச் சத்தியம் பண்ணிச் சொல்லி, எல்லாரும் கைகொட்டிச் சிரித்த பிறகுதான் குட்டு உடைந்தது. அன்று சாயங்காலம் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. எவ்வளவு நல்ல சண்டை அது!

தொண்டையைச் செருமினாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள்.

“இதோ வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனீங்க. நான் டிக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடம் ஒப்பிப்பதுபோலத் திருப்பிச் சொன்னார். “இதோ வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனேன். நீ டிக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்ன. புதுச் செருப்பு வேற, கடிச்சு ரெண்டு கால்லயும் கொப்புளம்.”

“அவங்க இன்னும் செருப்புப் பக்கமே போகலையே சார்,” என்றார் ஆலோசகர்.

நுணலும் தன் வாயால் கெடும். லிஃப்ட்காரர் அசடு வழிந்தார். அவரை முறைக்கத்தான் அவள் நிமிர்ந்தாள். அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. அவருக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் ஆலோசகரும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆலோசகர் அம்மாள் கெட்டிக்காரர்தான். கொஞ்ச காலமாக இவர்கள் கொண்டுவருவதெல்லாம் பழைய சண்டை என்பதை அவர் கவனிக்காமல் இல்லை. முன்பெல்லாம் அப்படியா? குழாயை மூடாதது, ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டது, சாவியைத் தொலைத்தது என்று சுடச்சுடக் கொண்டுவந்து கொட்டுவார்கள். புதுச் சண்டை வரவில்லை என்றால் வீடு அமைதியாக இருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

“ரொம்ப சந்தோஷமா இருக்கு. இனிமே இந்த ரூம் உங்களுக்கு வேண்டாம்,” என்று ஆலோசகர் எழுந்துகொண்டார். “இதே மாதிரி வீட்டுல உக்காந்து சிரிச்சுப் பேசிக்கோங்க.”

முடிந்தது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மாட்டிய பிறகும் கால் நகர மாட்டேன் என்றது.

லிஃப்ட்காரர் எழுந்திருக்கவே இல்லை.

“யார் வீட்டுல மேடம்?” என்றார்.

இது அவர்கள் பேசி வைத்ததில் இல்லை. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் இந்த ஒரு மணி நேரம் அவருக்கும் வேண்டும். இத்தனை நாளும் அவருக்கும் வேண்டியிருந்திருக்கிறது.

ஆலோசகருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவள் பையை மறுபடி கீழே வைத்தாள்.

“எங்களுக்கு விவாகரத்து ஆகி ஒரு வருஷம் ஆகப்போகுது மேடம். கோர்ட்ல கையெழுத்துப் போட்டுட்டு நேரா இங்கதான் வந்தோம். அன்னைக்குத்தான் நீங்க முதல் தடவையா எங்களைப் பாராட்டினீங்க.”