காலி மேசை

“அதோ ஒரு டேபிள் காலியா இருக்கு. வாங்க தம்பி, உட்கார்ந்து பேசலாம்.”

அபுதாஹிர் கை காட்டிய மேசையை ஜுஹைர் பார்த்தான். நாற்காலிகள் எல்லாம் காலி. மேசை மேல் ஒரு சின்ன டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தது.

“வேண்டாம் அங்கிள். யாரோ வருவாங்க போல.”

“வந்தா எந்திரிச்சுக்கலாம்.”

“பரவாயில்ல அங்கிள்.” சுவரோரம் கிடந்த ஒற்றை ஸ்டூலை இழுத்து அவரை உட்கார வைத்துவிட்டு, பிரியாணித் தட்டோடு நின்றான் ஜுஹைர்.

சனிக்கிழமை மதியம். மில்பிடாஸ் ஃபுட் கோர்ட்டில் மற்ற மேசைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. “நீங்க பேசிட்டு இருங்க அத்தா, நான் பின்னாடியே வர்றேன்” என்று சொல்லியிருந்தாள் மகள் ஷஹீமா.

அவள் பல வருஷம் சிங்கப்பூரில், வங்கிகள் நெருக்கியடிக்கும் அந்த நடுநகரத்தில் வேலை பார்த்தவள். கலிபோர்னியா வந்த பிறகும் பாதி மனசு அங்கேதான். வருகிற மாப்பிள்ளை அந்த ஊரில் வாழ்ந்தவராக இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கண்டிஷன்.

போன மாதம் இதே இடத்தில் பார்த்த பையன், அபுதாஹிரின் கேள்விகளுக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னான். காரணமே சொல்லாமல் வேண்டாம் என்றுவிட்டாள்.

“இந்தப் பையனும் சரிப்படலைன்னா எடிசன் ஊர் டாக்டர் மாப்பிள்ளைக்கு ஓகே சொல்லிடுவேன்” என்று நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார் அபுதாஹிர். அவளும் தலையாட்டியிருந்தாள்.

அபுதாஹிர் சிங்கப்பூரை நேரில் பார்த்ததில்லை. இன்டர்நெட்டில் கரைத்துக் குடித்திருந்தார்.

“சிங்கப்பூர்ல ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் தம்பி?”

“நம்பரெல்லாம் தெரியாது அங்கிள். ஆனா காலையில ராஃபிள்ஸ் பிளேஸ் ஸ்டேஷன்ல இறங்கினா நாம நடக்கவே வேண்டாம். கூட்டமே தூக்கிட்டுப் போய் ஆபீஸ் வாசல்ல விட்டுடும்.”

“சரி, அங்க ரொம்ப உயரமான பில்டிங் எது?”

“எங்க ஆபீஸுக்கு எதிர்ல ஒண்ணு இருந்துச்சு... அதுவான்னு தெரியல. நிமிர்ந்து பார்க்க ஏது டைம்? லஞ்சுக்கு எல்லா டவரும் ஒரே நேரத்துல கீழ இறங்கும் அங்கிள். டீயைப் பிளாஸ்டிக் பையில ஊத்தி, கயிறு கட்டித் தருவாங்க. விரல்ல மாட்டிக்கிட்டே நடப்போம். சாயங்காலம் லாவ் பா சாட் மார்க்கெட் பக்கம் ரோட்டை மறிச்சு மேசை போட்டு, குச்சியில கறி குத்தி சாத்தே சுடுவாங்க. அந்தப் புகை நம்ம சட்டையோட ட்ரெயின் ஏறி வீடு வரைக்கும் வரும்.” ஜுஹைர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தான். “இங்க எங்க பார்த்தாலும் பார்க்கிங் லாட். தோள்ல இடிக்கக்கூட ஆள் இல்ல அங்கிள்.”

அபுதாஹிர் இதற்கெல்லாம் மார்க் போடவில்லை.

“அந்த சிங்கத் தலை மீன் சிலை எந்தப் பக்கம் பார்த்து நிக்குது?”

“கிட்ட போய்ப் பார்த்ததில்ல அங்கிள்.”

“மொட்டை மாடி ஸ்விம்மிங் பூல்?”

“அதுக்கும் போனதில்ல.”

“நின்னுக்கிட்டே சாப்பிடுறது நபிவழியா தம்பி? பிரியாணி ஆறுது. அந்த டேபிளுக்கு இன்னும் யாரும் வரலையே!”

“ஆறட்டும் அங்கிள்” என்று நெளிந்தான் ஜுஹைர்.

அந்த நேரத்தில் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தாள் ஷஹீமா. அபுதாஹிர் அவளை ஓரமாக இழுத்துப் போனார்.

“ஒரு கேள்விக்கும் ஒழுங்கா பதில் இல்லம்மா. இவன் சிங்கப்பூரை மேப்புல பார்த்திருந்தாலே பெரிய விஷயம். எடிசனுக்கு போன் போடட்டுமா?”

ஷஹீமா நேராக அந்தக் காலி மேசைக்குப் போனாள். டிஷ்யூ பாக்கெட்டை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“உட்காருங்க ஜுஹைர். சாரி, பிரியாணி ஆறிப்போச்சு.”

“உங்களோடதா?” ஜுஹைர் வாய்விட்டுச் சிரித்தபடி எதிரில் உட்கார்ந்தான்.

அபுதாஹிருக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னம்மா நடக்குது இங்க?”

“அங்க லஞ்ச் டைம்ல டேபிள் மேல டிஷ்யூ பாக்கெட்டை வெச்சிட்டுத்தான் சாப்பாடு வாங்கப் போவோம் அத்தா. பாக்கெட் இருந்தா ஆள் இருக்கிற மாதிரி. அந்த ஊர்ல வாழ்ந்தவங்களுக்கு அதுல உட்கார மனசு வராது.”

“அப்ப போன மாசம் வந்த பையன்? எல்லாத்துக்கும் கரெக்டா பதில் சொன்னானே!”

“அவரும் உங்களை மாதிரியே நெட்ல படிச்சிட்டு வந்தவர்தான் அத்தா. வந்ததும் இதே டேபிள்ல உட்கார்ந்து, என் டிஷ்யூவை எடுத்து மூக்கைத் துடைச்சாரே!”