உப்பு லாரி

சிவப்பு விளக்கை நிவேதா விரலால் இரண்டு முறை தட்டினாள். அது அணையவில்லை.

“சார்ஜ் ஏறலைப்பா. ஆல்டர்னேட்டர் போயிடுச்சு.”

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். விமானத்துக்கு மின்சாரம் தரும் கருவி நின்றுவிட்டது. பேட்டரியில் மிச்சமிருப்பதை வைத்துத்தான் இனி எல்லாம். எப்போது நின்றது என்று அவளுக்கும் தெரியவில்லை. என் உப்பளத்தை எனக்குக் காட்டுவதற்காக மரக்காணத்துக்கு மேலே மூன்று சுற்று சுற்றியிருந்தாள். இன்னொரு சுற்று என்று கேட்டவன் நான்.

ஒரு சுவிட்சை அணைத்துப் போட்டாள். பலன் இல்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாக அணைத்தாள். ரேடியோவில் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு டவரை அழைத்தாள். கரகரவென்று பாதி வார்த்தை வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஹெட்செட்டும் செத்தது. அதற்கப்புறம் கத்தித்தான் பேசினோம்.

“இன்ஜின் நின்னுடுமா?”

“நிக்காது. அதுக்கு பேட்டரி வேணாம். ஆனா டவருக்குச் சொல்லாம உள்ள போக முடியாது. டிரெய்னிங் பசங்க மூணு பிளேன் சுத்திட்டிருக்காங்க. எது மேலயாவது மோதிடுவோம்.”

“அப்ப என் பாத்தியிலயே எறக்கு.”

“சேத்துல சக்கரம் மாட்டி குப்புறக் கவுந்துடும். சும்மா இருங்கப்பா.”

நாற்பது வருஷம் நான் நின்று வேலை வாங்கிய மண். அதில் எனக்கு இறங்க இடமில்லை.

“போனை எடுங்க,” என்றாள். அவளுடையது அலுவலகப் பெட்டியில் இருந்தது. அவள் பாடம் சொல்லித்தரும் விமானப் பள்ளியில் அப்படி ஒரு விதி. “அவருக்குப் போடுங்க. இந்நேரம் டூட்டிக்கு வந்திருப்பாரு. டவருக்குச் சொல்லிடுவாரு. நம்பர் சொல்றேன்.”

அவர் என்றால் அவள் புருஷன். என்னிடம் உப்பு வாரிய கொளஞ்சியின் மகன். அதே பள்ளியில் அலுவலக வேலை.

நான்கு வருஷத்துக்கு முன் இருவரும் மாலையோடு வாசலில் வந்து நின்றார்கள். அன்றே ஊர்ப் பெரியவர்களோடு பெருமுக்கல் மலை ஏறினேன். கோயில் வாசலில் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். செத்தாலும் அவனோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம்.

பேரன் பிறந்த பிறகு மகளோடு பேச்சு உண்டு. அவனோடு இல்லை. இன்றைக்கும் அவன் டூட்டிக்கு வருமுன் கிளம்பிவிட வேண்டும், நான் ஏறியது அவனுக்குத் தெரியக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் ஏறினேன்.

இந்தக் கன்னியப்பன் சொன்ன சொல் மாறினான் என்று மரக்காணத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

“சிக்னல் இல்லை,” என்றேன்.

போனில் இரண்டு கோடு இருந்தது.

அவள் விமானத்தைத் தாழ்த்தினாள். உப்புக் குவியல்கள் மேல் மூடிய கீற்று தனித்தனியாகத் தெரிந்தது.

“இப்ப?”

தோளில் பெல்ட். ஒரு பக்கம் கதவு, திறந்தால் வெறும் வானம். இன்னொரு பக்கம் மகள். எழுபத்தோரு வயதில், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர முடியாமல் உட்கார்ந்தது அன்றுதான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. இடமும் வலமுமாக மற்ற விமானங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மேலுதட்டில் வியர்வை.

“நான் பேசமாட்டேன். அடிச்சுத் தர்றேன், நீ பேசு.”

“நீங்க ஒண்ணும் பேச வேணாம். உங்க சத்தியம் பத்திரமா இருக்கட்டும்,” என்றாள். “ஒம்பது, எட்டு, நாலு, மூணு…”

அவள் நான்காவது எண்ணைச் சொல்லும்போதே மணி போய்க்கொண்டிருந்தது.

திரையில் வந்த பெயரை ஓரக்கண்ணால் பார்த்தாள். “உப்பு லாரியா? யாருக்கோ போட்டுட்டீங்க. கட் பண்ணுங்கப்பா.”

“போவட்டும்,” என்று போனை அவள் ஹெட்செட்டுக்குள் செருகிப் பிடித்தேன்.

அந்தப் பக்கம் எடுத்ததும், அங்கே சொன்னதை முதலில் கேட்டாள். ஒரு நொடி வானத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் நிவேதாங்க,” என்று பிறகு கத்தினாள். ரேடியோ போய்விட்டது, வடக்கிலிருந்து பத்து நிமிஷத்தில் வருகிறேன், மற்றவர்களை விலக்கச் சொல்லுங்கள், இறங்கலாம் என்று டவரில் பச்சை விளக்குக் காட்டச் சொல்லுங்கள் என்றாள். இரண்டு முறை சொன்னாள்.

கூனிமேடு போயிற்று. ஆரோவில் மரங்கள் போயின. போனைச் சட்டைப் பையில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

டவரின் கண்ணாடியில் பச்சை தெரிந்தது. சக்கரம் தரையைத் தொட்டது.

ஓரமாகக் கொண்டுபோய் இன்ஜினை நிறுத்தினாள். திடீரென்று சத்தமே இல்லை. என் பெல்ட்டின் கொக்கி கழலவில்லை. அவள் உதவவும் இல்லை.

“போனை எடுத்ததும் அவரு என்ன சொன்னாரு தெரியுமா?”

நான் கொக்கியை இழுத்தேன்.

“‘என்ன மாமா, ஒரு ரிங்கோட கட் பண்ணாம அடிச்சுக்கிட்டே இருக்கீங்க? அவ இன்னும் எறங்கலை. எறங்கினதும் எப்பவும்போல நானும் ஒரு ரிங் குடுக்கறேன்’னாரு.”

கண்ணாடிக்கு வெளியே, அலுவலகத்திலிருந்து ஒருவன் வெயிலில் ஓடிவந்துகொண்டிருந்தான்.

“நான் பறக்கிற அன்னிக்கெல்லாமாப்பா? நாலு வருஷமா?”

“ஒரு வார்த்தை பேசினது கெடையாது,” என்றேன். “ரிங்குதான்.”