சித்தின்னு கூப்பிடு

“நான் உன் அம்மா இல்ல. எத்தனை தடவை சொல்றது? சித்தின்னு கூப்பிடு!”

பெர்லித்தா போட்ட அதட்டலில் ஜோவலின் அழுகையை அப்படியே விழுங்கிக்கொண்டாள். ஐந்து வயசு. ரொட்டிக்கடை வாசலில் தடுக்கி விழுந்து, முட்டி சிராய்த்து, வலியில் வாய்தவறி “அம்மா” என்று கத்திவிட்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கடைக்குள் பாண்டேசால் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ரொசெண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏண்டி, புள்ள விழுந்து கெடக்கு. தூக்கி விடுறத விட்டுட்டு மொறை சொல்லிக் குடுக்கிறியா?”

பெர்லித்தா குழந்தையைத் தூக்கி முட்டியைத் துடைத்துவிட்டு, ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

“கல்லு!” என்றாள் ரொசெண்டா, அவள் காதில் விழும்படியே.

போன வருஷம் நலத்துறை அதிகாரியம்மாள்தான் ஜோவலினைக் கூட்டிவந்து, கொஞ்ச காலம் வளர்க்கச் சொல்லி, உறவே இல்லாத பெர்லித்தாவிடம் விட்டது. குழந்தையின் முதுகு முழுக்க பெல்ட் தழும்பு. தடுக்கப்போன தாய் லெனியைக் கத்தியால் குத்திவிட்டு அப்பன் ஜெயிலுக்குப் போனான். லெனி ஆஸ்பத்திரியில் பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்து, பிறகு ஏதோ பெண்கள் காப்பகத்துக்குப் போனாளாம். எங்கே என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். புருஷனுடைய தம்பிகள் அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பெர்லித்தா தையல்காரி. புருஷனுக்குக் கப்பலில் வேலை. பிள்ளை இல்லை.

“அப்படிப்பட்டவளுக்கு ஆண்டவனே ஒரு புள்ளைய மடியில கொண்டுவந்து போட்டிருக்கான். எட்டி உதைக்கிறாளே, பாவி!”

ரொசெண்டாவின் ஆத்திரத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. கைக்குழந்தையாக இருந்த மகன் ரெய்னானை அக்காவிடம் விட்டுவிட்டு ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனவள் அவள். திரும்பி வந்து, டுமகெட்டே விமான நிலையத்தில் ஆசையாகக் கையை நீட்டியபோது, எட்டு வயசுப் பையன் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

“அம்மா, யாரும்மா இவங்க?” என்று கேட்டான்.

இப்போது அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. இன்னும் வளர்த்தவள்தான் அம்மா. பெற்றவளைச் சித்தி என்கிறான், மரியாதையாக.

ஒருநாள் ஜோவலின் தனியாகக் கடைக்கு வந்தாள். ரொசெண்டா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சர்க்கரை தூவிய ரொட்டி ஒன்றை அவள் கையில் வைத்தாள்.

“யாரும் இல்லாதப்ப என்னைய அம்மான்னு கூப்பிடுறியா, கண்ணு?”

வாயெல்லாம் சர்க்கரையோடு ஜோவலின் தலையை ஆட்டி மறுத்தாள்.

“எனக்கு அம்மா இருக்காங்க. லெனி அம்மா. உடம்பு நல்லானதும் வந்து என்னைக் கூட்டிட்டுப் போவாங்க.”

“யாரு சொன்னா?”

“சித்தி. தெனமும் சொல்லுவாங்க.”

ரொசெண்டா கடையை அப்படியே போட்டுவிட்டு பெர்லித்தா வீட்டுக்குப் போனாள்.

“ஏண்டி, பச்சப்புள்ளைக்கு இல்லாத ஆசைய காட்டுறியே. அவ வராமலே போயிட்டா?”

தையல் மெஷினிலிருந்து பெர்லித்தா தலையைத் தூக்கவில்லை.

“வருவாக்கா.”

“நீ என்ன அவளப் பாத்தியா, பேசினியா?”

“இல்ல. ஆனா வருவா.”

சனியன் எப்போது தொலையும் என்று பெர்லித்தா காத்துக்கிடக்கிறாள் என்றே தெருவெல்லாம் சொல்லிவைத்தாள் ரொசெண்டா.

லெனி வந்தேவிட்டாள். மழை விட்ட ஒரு காலையில் நலத்துறை ஜீப் வந்து நின்றது. வற்றிப்போன உருவம் ஒன்று இறங்கியது. நீட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் கைகள் பாதியில் நின்றன. தெருவே வேடிக்கை பார்த்தது.

ஜோவலின் பெர்லித்தாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். இனி என்ன கேட்கும் அந்தக் குழந்தை என்று ரொசெண்டாவுக்குத் தெரியாதா?

ஆனால் ஜோவலின் கேட்டது வேறு.

“அம்மா, ஏம்மா இவ்வளவு நாளு?”

கேட்டது லெனியைப் பார்த்து. லெனி அங்கேயே சேற்றில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். குழந்தை ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

ரொசெண்டா முந்தானை இல்லாத குறைக்கு மாவுக்கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் அக்கா ஒரே ஒரு தடவை, ‘நான் உன் அம்மா இல்லடா’ என்று சொல்லியிருந்தால்!

ஜீப் போன பிறகும் பெர்லித்தா வாசலிலேயே நின்றாள். ரொசெண்டா பக்கத்தில் போய் நின்றாள்.

“என்னை மன்னிச்சிருடி. பெத்தவளுக்குன்னு அந்த வார்த்தைய பத்திரமா வச்சிருந்து குடுத்திருக்க. யாருக்கு வரும் அந்த மனசு? ஆனாலும் அந்தப் புள்ளைய அப்படியா அதட்டுறது? பக்குவமா சொல்லியிருக்கலாமே.”

பெர்லித்தா ஜீப் போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஏதுக்கா அந்த நல்ல மனசெல்லாம்? மொத தடவை அவ அம்மான்னு கூப்பிட்டப்ப, ‘என்னடா தங்கம்’னு வாரி அணைச்சுக்கிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்க்கா... அந்த லெனி ஆஸ்பத்திரியில பொழைக்கவே கூடாதுன்னு.”