கடைசித் தெருவுக்கு ஒரு பெட்டி

“டவர்காரன் உள்ளே வந்தா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்” என்றார் டி.வி. மெக்கானிக்.

டிரைவிங் ஸ்கூல்காரர் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் மேஜையைப் பார்த்தார்.

கார் ஓட்டப் பழக வருகிறவர்களுக்குச் சாலை விதி சொல்லித்தரும் மேஜை அது. இப்போது அதன் மேல் ஊரின் வரைபடம். பொம்மைக் கார் நிற்கிற இடமெல்லாம் ஒரு ரேடியோ பெட்டி வரப்போகிறது. ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்குச் செய்தியைக் கைமாற்றிவிடும் பெட்டிகள். இன்னொரு வெள்ளம் வந்து போன் படுத்துவிட்டாலும் ஊர் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பது திட்டம்.

ஆரம்பத்தில் இந்த அறையில் நாற்காலி போதவில்லை. தண்ணீர் வடிந்த வேகத்தில் ஆர்வமும் வடிந்து, மிஞ்சியது இவர்கள் மூவர். அதிலும் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியவர் மெக்கானிக் ஒருத்தர்தான். மனைவி போனபிறகு அவருக்கு இந்தப் பெட்டிகளை விட்டால் வேறு நினைப்பே இல்லை.

“அபார்ட்மெண்ட்காரங்க என்ன சொன்னாங்க?” என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

“கதிர்வீச்சாம். வைஃபை பெட்டியைத் தலைமாட்டுல வெச்சுத் தூங்குறாங்க. நம்ம பெட்டிதான் அவங்களைக் கொல்லப் போகுதாம்.” மெக்கானிக் ஒரு பொம்மைக் காரை எடுத்து ஓரமாக வைத்தார்.

அந்தக் கார் போனதும் கடைசித் தெரு தனித்துவிட்டது. அது மெக்கானிக்கின் தெரு. இனி அங்கே செய்தி எட்ட வேண்டுமானால் உயரமான மாடி ஒன்றுதான் உண்டு. அவருடைய பக்கத்து வீடு. போன் டவரையும் அதன் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்கிற டவர்காரரின் வீடு.

“மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?” என்றார் டாக்டர் மெதுவாக.

“அன்னைக்கு என் வீட்டம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா, டாக்டர். தெருவுல இடுப்பளவு தண்ணி. ஆம்புலன்ஸ் வராது, சரி. கடையில இருந்த நான் நீந்தியாவது வந்திருப்பேன். ஒரே ஒரு போன் வந்திருந்தா போதும். டவர் செத்துக் கிடந்துச்சு. ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்துறதைத் தவிர அவனுக்கு என்ன வேலை?”

டாக்டர் பேச்சை மாற்றினார்.

“ஒரு சந்தேகம். செய்தி போற நேரத்துல அதை வாங்க வேண்டியவர் பெட்டியை அணைச்சு வெச்சிருந்தா?”

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“காத்துக்கிட்டிருக்கும். அவர் எப்பப் போட்டாலும் போய்ச் சேரும். அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கேன்.”

அப்போதுதான் டவர்காரர் வாசலில் வந்து நின்றார். வரச் சொன்னது டிரைவிங் ஸ்கூல்காரர்தான். அவர் இப்போது ஜன்னல் வழியாக ரோட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“என் மாடியை எடுத்துக்குங்கண்ணே. தண்ணித் தொட்டி மேல வெச்சா இன்னும் உயரம் கிடைக்கும். கரண்டும் என் வீட்டிலிருந்தே இழுத்துக்கலாம்.”

“பாவத்தைக் கழுவ வந்தியா?”

“அப்படியே வெச்சுக்குங்க.”

“அன்னைக்கு எங்கே போய்த் தொலைஞ்சே?”

“தப்புதாண்ணே.”

சூடு சொரணை இருக்கிற மனிதன் பேசுகிற பேச்சாக அது இல்லை. டாக்டருக்கே எரிச்சல் வந்தது. ஆனாலும் வேறு மாடி கிடையாது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் டவர்காரர் வீட்டு மாடி ஏறினார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. தொட்டியின் மேல் பெட்டியை இறுக்கிக் கட்டி, சோதித்துப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. இறங்கும்போது ஒரே வார்த்தைதான்.

“இதையாவது அணைய விடாம பார்த்துக்க.”

அவர் தெருவில் இறங்கும் வரை துணிக்கொடியைப் பிடித்தபடி நின்றிருந்த டவர்காரரின் மனைவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“இதையும் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்களே. அன்னைக்கு ஊர்ல மத்த டவரெல்லாம் படுத்தப்போ, அந்தத் தண்ணியில டீசல் கேனைத் தலையில வெச்சுட்டுப் போய் உங்க டவரை ஓட்டினது யாரு? பக்கத்து வீட்டு அக்காவை மடியில போட்டுக்கிட்டு நான்தானே அவங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்? போன் போகத்தானே செஞ்சுது? ‘அவர் குரலை ஒரு தடவை கேட்டாப் போதும்’னு அழுதாங்க. எத்தனை தடவை போட்டாலும் சுவிட்ச் ஆஃப். ‘காலையில சண்டை. கோபம் வந்தா போனை அணைச்சு வெச்சிடுவாரு’ன்னு அக்காவே சொன்னாங்க. சாயங்காலம் டீசல் தீர்ந்து டவர் நின்னப்புறம்தான் அந்த அண்ணன் வந்து சேர்ந்தாரு. அந்தக் கோலத்துல நின்னு ‘ஏம்மா என்னைக் கூப்பிடலை’ன்னு கேட்டப்போ, ‘டவர் இல்லண்ணே’ன்னு என் வாயில வந்துடுச்சு. நான் சொன்ன பொய்க்கு நீங்க ஆயுசு பூரா ஏச்சு வாங்கணுமா? இப்பவே போய் உள்ளதைச் சொல்லிடறேன்.”

அவள் படியில் காலை வைத்தாள். டவர்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“வேண்டாம்மா. டவர் செத்துடுச்சுன்னே இருக்கட்டும். அவராவது உயிரோட இருக்கட்டும்.”