இரண்டாம் பாகத்துக்கு வரிசை

"இரண்டாம் பாகத்தை யாரும் தொடாதீங்க. சுத்த வேஸ்ட்" என்றார் தையல்காரர்.

நூலகத்தின் வாசகர் கூட்டம் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

மாயக் கோட்டையும் பறக்கும் குதிரையுமாக அந்த நாவலின் முதல் பாகம் வந்து மூன்று வருஷம். சோறு தண்ணி மறந்து அதைப் படித்தவர்கள்தான் அங்கிருந்த பன்னிரண்டு பேரும். இரண்டாம் பாகம் நூலகத்துக்கு ஒரே ஒரு பிரதிதான் வந்திருந்தது. கடைகளில் தீர்ந்துவிட்டது. அதனால் நூலகர் ஒரு நோட்டில் வரிசையாகப் பெயர் எழுதி வைத்திருந்தார்.

முதல் பெயர் தையல்காரர்; படித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்தது கணக்கு டீச்சர். கடைசிப் பெயர், வேலையை விட்டு நின்ற பிறகு வாசிப்பில் விழுந்த பஸ் டிரைவர் அண்ணன்.

ஆளுக்குப் பதினைந்து நாள். இரண்டு தடவை நீட்டித்துக்கொள்ளலாம். புத்தகம் வேண்டாமென்றால் அவரவரே வந்து தம் பெயரை அடிக்க வேண்டும். வரிசையை மாற்ற நூலகருக்கே அதிகாரம் கிடையாது.

"ராணி நூறு பக்கத்துக்கு அழுதுகிட்டே இருக்கா. பாவாடைக்கு ஃப்ரில் வச்ச மாதிரி எழுத்தாளர் இழுத்துக்கிட்டே போறாரு" என்றார் தையல்காரர்.

"குதிரையைப் பத்தி மட்டும் சொல்லிடாதீங்கப்பா" என்று டிரைவர் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

கணக்கு டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பாகத்தை நாலு தடவை படித்தவர் அவர்.

"உங்களுக்குப் பிடிக்கலைன்னா பேசாம இருங்க. துணி வெட்டுற கையால அடுத்தவங்க ஆசையையும் வெட்டணுமா?"

தையல்காரரின் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் விடவில்லை. "நல்லதுக்குத்தான் சொல்றேன் டீச்சர். பேரை அடிச்சுடுங்க."

அந்த வார்த்தைதான் டீச்சரை உசுப்பிவிட்டது. அப்போதே நூலகரிடம் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மற்றவர்களுக்கு ஏற்கெனவே சந்தேகம். பத்திரிகைகளில் பாதிப் பேர் ஆஹா என்றும் பாதிப் பேர் ஐயோ என்றும் எழுதியிருந்தார்கள். இதில் தையல்காரரும் சேர்ந்துகொண்டதால், ஆயிரம் பக்கத்தைச் சுமந்து ஏமாறுவானேன் என்று ஒவ்வொருவராக வந்து பெயரை அடித்துவிட்டுப் போனார்கள்.

டீச்சர் ஒன்பதே நாளில் முடித்துவிட்டார். ராணி அழுகிற இடம் இழுவைதான். ஆனால் குதிரை வருகிற கடைசி அத்தியாயத்தில் கண் நிறைந்துவிட்டது.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் தையல்காரரை வரிக்கு வரி மடக்க வேண்டுமே. நீட்டித்து வாங்கி, ஃப்ரிட்ஜ் மேலே வைத்தார். அங்கேயே கிடந்தது.

ஒரு நாள் தையல்காரர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"முடிச்சுட்டீங்களா டீச்சர்?"

"வேஸ்ட்டுன்னு சொன்னவருக்கு என்ன அவசரம்?"

அவர் வாயைத் திறந்தார். எதையோ விழுங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். அந்த நடையைப் பார்க்க டீச்சருக்குத் திருப்தியாக இருந்தது. அதற்காகவே இன்னொரு தடவை நீட்டித்தார். அன்று பிரார்த்தனைக்கு உட்கார்ந்தபோதுகூட மனசு உறுத்தவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் புத்தகத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். அடுத்தது யார் என்று நோட்டை எட்டிப் பார்த்தார். தன் பெயருக்குக் கீழே எல்லாப் பெயரும் அடித்திருந்தது. கடைசிப் பெயர்கூட.

"டிரைவர் அண்ணனும் அடிச்சுட்டாரா? அந்தத் தையல்காரர் வாய் அவரையும் விட்டு வைக்கலையா?"

நூலகர் நோட்டை மூடினார்.

"அவர் நேத்துதான் வந்தார் டீச்சர். மருமகள் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தாங்க."

பிறகு மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். டிரைவர் அண்ணனுக்குக் கண்ணில் ஏதோ வியாதி. பார்வை இரண்டு மாசம் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்றரை மாசத்திலேயே எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது. கடைசியாக இந்த ஒரு புத்தகத்தைத் தன் கண்ணாலேயே படித்து முடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பரிதாபப்பட்டு யாராவது இடம் விட்டுக் கொடுத்தால் தொடவே மாட்டேன் என்றும், விஷயம் வெளியே போகக் கூடாது என்றும் இரண்டு பேரிடம்தான் சொல்லியிருந்தார். ஒருவர் நூலகர். இன்னொருவர் தையல்காரர்.

டீச்சர் நிமிர்ந்தார். "அப்போ... புக் நல்லா இல்லைன்னு தையல்காரர் சொன்னது?"

"இதைத் திருப்பிக் கொடுக்கும்போது கண்ணைத் துடைச்சுக்கிட்டே கொடுத்தார் டீச்சர். இதைப் போய் மட்டமாப் பேசணுமேன்னு புலம்பினார். வரிசை குறைய வேற வழி தெரியலை அவருக்கு."

டீச்சர் புத்தகத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லிடலாம்னு தையல்காரர் கிளம்பினார். டிரைவர் அண்ணன்தான் தடுத்துட்டார். 'டீச்சரைத் தொந்தரவு பண்ணாதீங்க, ஒவ்வொரு வரியா ரசிச்சுப் படிச்சுக்கிட்டிருப்பாங்க'ன்னார்."